புது லேப்டாப்புக்கு டிசைன் மென்பொருள்: எங்கே வாங்கலாம், யார் பெயரில் வாங்கலாம்?

வரைகோல்:
வணக்கம். ஆறு வருடமாக அலுவலக லேப்டாப்பில்தான் எல்லா வேலையும். இப்போது தனியாக வேலை எடுக்கிறேன். முந்தாநாள் சொந்த லேப்டாப் வந்து சேர்ந்தது: விண்டோஸ் 11, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இதுவரை மென்பொருளுக்கு நான் பணம் கட்டியதே இல்லை. அலுவலகம் வாங்கிப் போட்டதில் வேலை செய்தேன்.

புத்தக அட்டை, உள்பக்க வடிவமைப்பு, சின்னம் இவைதான் என் வேலை. தமிழ் எழுத்து இல்லாத வேலை அபூர்வம். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் கை பழகியவை. இவற்றைத் தயாரித்த அடோபி நிறுவனத்தின் தளத்தில் மாதச் சந்தா இருக்கிறது. ஆன்லைன் கடைகளில் கோடு அட்டை (மென்பொருளைப் பதிவு செய்வதற்கான குறியீட்டு எண் உள்ள அட்டை) விற்கிறார்கள். இன்னொரு தளத்தில் எல்லா மென்பொருளும் சேர்த்து "வாழ்நாள் கணக்கு" என்று போட்டிருக்கிறார்கள், விலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நூற்றுக்கணக்கான பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். வேலை தொடங்கும்போது கையில் காசு குறைவு என்பதால் மனம் அந்தப் பக்கம் போகிறது. வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அச்சுமை:
நான் வாங்கினேன். தயவுசெஞ்சு நீங்க வாங்கிடாதீங்க. முழுசா சொல்றேன்.

பணம் கட்டின பத்து நிமிஷத்துல மெயில் வந்துச்சு. என் மெயில் ஐடியையே கேட்டாங்க, அதுக்கே அழைப்பு அனுப்பினாங்க, அதனால சந்தேகமே வரல. உள்ளே போனப்போ ஒரு திரை வந்தது: "எந்தக் கணக்கில் நுழைய விரும்புகிறீர்கள்?" ஒண்ணு என்னோட தனிக்கணக்கு. இன்னொண்ணு நான் கேள்விப்பட்டே இராத ஒரு கல்வி நிறுவனத்தோட பேர். ரெண்டாவதைத் தட்டினா எல்லா மென்பொருளும் திறந்துச்சு. எட்டு மாசம் ஓடுச்சு. ஒரு புத்தகத்தோட உள்பக்கம் 212 பக்கம் முடிச்சு, திருத்தத்துக்காக மேகக் கணக்குலயே, அதாவது இணையச் சேமிப்புலயே வெச்சிருந்தேன்.

ஒருநாள் காலைல திறந்தா அந்த நிறுவனத்தோட பேரே திரைல இல்ல. தனிக்கணக்கு மட்டும் இருந்துச்சு, அதுல ஒண்ணுமே இல்ல. விற்ற தளத்துக்கு எழுதினேன், "புதுக் கணக்கு தர்றோம்"னாங்க. எனக்குக் கணக்கு வேணாம், கோப்பு வேணும்னு சொன்னேன். அதோட பதில் நின்னுபோச்சு. பிடிஎஃப் நகல் மட்டும் மெயில்ல இருந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி பக்கம் கட்டினேன், பதினோரு ராத்திரி ஆச்சு.

வரைகோல்:
படிக்கவே பதறுகிறது. ஆனால் எனக்குப் புரியாத ஒன்று: விற்றவர் உங்களை ஏமாற்றினார் சரி, கோப்பு எப்படிப் போனது? அது உங்கள் வேலைதானே?

நூல்கட்டு:
இந்த இடம்தான் பலருக்கும் தெரிவதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அடோபியில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. ஒன்று தனிநபர் கணக்கு. அதில் இருப்பதெல்லாம் உங்களுடையது. இன்னொன்று அலுவலகம், கல்லூரி போன்ற அமைப்புகளுக்கானது. அமைப்பு நூறு இருக்கைகள், அதாவது நூறு பேர் பயன்படுத்தும் அனுமதி வாங்கும். அதன் நிர்வாகி ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு மின்னஞ்சலைச் சேர்ப்பார். அந்த இருக்கையில் உட்கார்ந்து நீங்கள் மேகத்தில் சேமிப்பது அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்கும். நிர்வாகி உங்களை நீக்கினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஊழியர் வேலையை விட்டுப் போனால் கோப்பு நிறுவனத்திடமே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த நோக்கத்துக்கு அது சரியானதுதான்.

"வாழ்நாள் கணக்கு" என்று விற்கப்படுவது பெரும்பாலும் இப்படி எங்கோ இருக்கும் ஓர் இருக்கைதான். போட்டோஷாப், இன்டிசைன் போன்றவை அடங்கிய கிரியேட்டிவ் கிளவுட் மென்பொருளை அடோபி வாழ்நாள் உரிமமாக விற்பதே இல்லை. 2012-இல் வந்த சிஎஸ்6-தான் ஒரே தடவை பணம் கட்டி வாங்கக்கூடிய கடைசித் தொகுப்பு. இனிச் சந்தா மட்டும்தான் என்று 2013 மே மாதம் அறிவித்துவிட்டார்கள். விற்பவருக்கே இல்லாத ஒன்றை அவர் உங்களுக்கு எப்படித் தர முடியும்?

ஐந்து நட்சத்திரம் பற்றி: வாங்கிய அன்றோ மறுநாளோ போட்ட கருத்துகளாகத்தான் இருக்கும். அன்று எல்லாம் வேலை செய்யும்.

பழந்தாள்:
அப்படியானால் சிஎஸ்6 டிஸ்க்கையே தேடி வாங்கலாமே. நான் இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன். சந்தா கட்டாமல் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஒரு பொருளுக்கு ஒரு தடவை விலை கொடுத்தால் அது என்னுடையது என்பதுதான் நியாயம். அந்த நியாயத்தை இவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பின்னல்:
வருத்தம் எனக்கும் உண்டு, ஐயா. ஆனால் உங்களிடம் இருப்பது நீங்களே வாங்கியது. இவர் இப்போது வாங்கினால் அது பழைய உரிமம், அதாவது இன்னொருவர் பெயரில் பதிவான எண். மேக் லேப்டாப் என்றால் பேச்சே வேண்டாம்: 2019-இல் வந்த கேடலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து பழைய வகையான 32 பிட் நிரல்கள் ஓடாது, சிஎஸ்6-இன் சில பகுதிகள் 32 பிட். விண்டோஸில் ஓடினாலும் எண்ணைச் சரிபார்க்க நிறுவனத்தின் சர்வர் வேண்டும். இன்னும் பழைய தொகுப்பான சிஎஸ்2-க்கான சர்வரை அடோபி முன்பே மூடிவிட்டது.

நூல்கட்டு:
பழைய உரிமத்தை விற்கலாமா என்பதே நாட்டுக்கு நாடு மாறும். கட்டட வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டின் டிஸ்க்குகளை ஈபே என்ற ஆன்லைன் சந்தையில் விற்ற ஒருவரின் வழக்கில், 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வாங்கியவருக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதிதான், உடைமை அல்ல, ஆகவே மறுவிற்பனை செல்லாது என்று சொன்னது. 2012 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், நேர்மாறாகத் தீர்ப்பளித்தது: காலவரையற்ற உரிமமாக விற்றால் அதை மறுபடி விற்கலாம், விற்பவர் தன் நகலை நீக்கிவிட வேண்டும். எனவே பழைய உரிமம் வாங்க நினைப்பவர் தன் நாட்டுச் சட்டத்தையும், உரிமத்தைப் பெயர் மாற்றித் தர நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரைகோல்:
சரி, அந்தத் தளத்தையும் டிஸ்க்கையும் விட்டுவிட்டேன். கோடு அட்டை? லேப்டாப் விற்ற கடையிலும் "நாங்களே எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்றார்கள்.

அச்சுமை:
"போட்டுத் தர்றோம்"னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: "பில்லுல மென்பொருள் பேரு வருமா?" வராதுன்னா அது திருட்டு நகல். அதோட என்ன சேர்ந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் கோப்பு, வங்கிக் கடவுச்சொல் எல்லாம் இருக்கிற மெஷின்ல அதை விடாதீங்க.

நூல்கட்டு:
கோடு அட்டை தவறில்லை. நிறுவனம் அங்கீகரித்த விற்பனையாளர் என்றால் அது முறையானதுதான். சில சமயம் நேரடி விலையைவிடக் குறைவாகவும் கிடைக்கும். ஆனால் அங்கீகாரத்தை விற்பவரின் பக்கத்தில் பார்க்காதீர்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருக்கும், அங்கே அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஆன்லைன் சந்தைகளில் தளம் வேறு, அதில் கடை போட்டிருப்பவர் வேறு. "விற்பவர்" என்று சின்ன எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும். வாங்கிய கோடை நிறுவனத்தின் தளத்தில், உங்கள் சொந்த மின்னஞ்சலில் நுழைந்து, நீங்களே பதிவு செய்ய வேண்டும். "கடவுச்சொல் கொடுங்கள், நாங்கள் போடுகிறோம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோடு எந்தப் பிராந்தியத்துக்கு என்பதையும் பாருங்கள், வேறு பிராந்தியக் கோடு உங்கள் கணக்கில் ஏறாமல் போகலாம்.

தாள்மடிப்பு:
நேரடியாக வாங்குகிறவர்களும் ஓர் இடத்தில் அடிபடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். மாதச் சந்தா என்று நினைத்து ஒரு மென்பொருளை வாங்கினேன். மூன்றாம் மாதம் வேலை இல்லை, நிறுத்தப் போனேன். மீதி மாதங்களுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்டார்கள். நான் எடுத்தது மாதத் திட்டமே அல்ல, வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டம். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. விலை குறைவானது முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. நான் "மாதம்" என்ற சொல்லை மட்டும் பார்த்தேன்.

நூல்கட்டு:
அடோபியின் அறிவிக்கப்பட்ட விதியையும் இதோடு தெரிந்துகொள்ளுங்கள். மாதத் தவணையில் கட்டும் வருட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் முழுதும் திரும்ப வரும். அதன்பிறகு ரத்து செய்தால் மீதி ஒப்பந்தத் தொகையில் பாதியைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தெளிவாகக் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டோடு 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடுத்தது. வேலை சீராக வருமா என்று உறுதியில்லாதவர், விலை கூடினாலும், எந்த மாதமும் நிறுத்தக்கூடிய உண்மையான மாதத் திட்டத்தில் தொடங்குவதுதான் நல்லது.

ஒற்றெழுத்து:
எல்லாரும் எங்கே வாங்குவது என்றே பேசுகிறீர்கள். வரைகோல், நீங்கள் தமிழில் வேலை செய்கிறவர். உங்கள் மென்பொருள் தமிழை எழுதுமா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்கே போக வேண்டும்.

"கொ" என்ற ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது "க", அதன் பின் ஓர் ஒகரக் குறி, இரண்டே துண்டு. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னே தள்ளி, காலைப் பின்னே நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் "க" தனியாக நிற்கும், அடுத்து ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் தொங்கும். புத்தக அட்டையில் 90 பாயிண்டில் அப்படி ஒரு "கொ" அச்சாகி வந்ததை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். திரையில் சரியாக இருந்த கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து ஏற்றுமதி செய்திருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை.

இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பத் தேர்வுகளில் எழுத்துப் பகுதிக்குள் போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" என்ற பெட்டியைத் தட்டுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்புக்கு "வேர்ல்டு ரெடி கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்யாவிட்டால் பணம் கட்டி வாங்கிய மென்பொருளும் எழுத்தை உடைக்கும். அலுவலகத்தில் யாரோ முன்பே செய்து வைத்திருப்பார்கள், உங்கள் புது லேப்டாப்பில் அது இருக்காது.

பலர் இதற்குப் பயந்து இன்னமும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவிலேயே அடிக்கிறார்கள். உண்மைதான், பாமினி எங்கும் உடையாது. ஆனால் அந்தப் பிடிஎஃப்பில் "தமிழ்" என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: நாலு ரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் வரும். தேடினால் கிடைக்காத புத்தகத்தை இன்றைக்குச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வரைகோல்:
இண்டிக் பெட்டி பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருடம்! இலவச மென்பொருள்களில் தமிழ் எப்படி?

ஒற்றெழுத்து:
வரைவுக்கான இங்க்ஸ்கேப்பும் படத்துக்கான கிம்ப்பும் தமிழை அழகாக எழுதும். இரண்டுமே எழுத்தைச் சேர்க்க ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. சின்னம் வரைய இங்க்ஸ்கேப் தாராளமாகப் போதும். ஒரு குறை உண்டு: அது திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில்தான் வேலை செய்யும். அச்சகம் அச்சு நிறமான சிஎம்ஒய்கே-யில் பிடிஎஃப் கேட்டால், ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.

அஃபினிட்டி இப்போது எல்லாரும் பேசும் பெயர். 2024-இல் இணையவழி வடிவமைப்பு நிறுவனமான கேன்வா அதை வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியிலிருந்து படம், வரைவு, பக்கம் மூன்றும் ஒரே மென்பொருளாகி, கேன்வா கணக்கு இருந்தால் இலவசம். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும். ஆனால் அதன் முந்தைய பதிப்புகள் தமிழ்ச் சேர்க்கையைக் கையாளவில்லை. ஆகவே உங்கள் எழுத்துருவில் "கொ", "கௌ", "ஸ்ரீ", "க்ஷ" நான்கையும் அடித்து, பிடிஎஃப் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்னல்:
இலவசம் என்றாலும் எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். 2022 இறுதியில் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்த முகவரி கிம்ப்பின் உண்மையான முகவரியேதான், தட்டினால் போனது வேறு தளம். அங்கே கிடைத்தது கடவுச்சொல் திருடும் நிரல். அதனால் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், முகவரியைக் கையால் அடித்துப் போங்கள்.

ஓவியம் வரையும் இலவச மென்பொருளான கிரிட்டாவுக்கு ஒரு விஷயம்: அதன் சொந்தத் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், ஸ்டீம் ஆகிய ஆன்லைன் கடைகளில் விலை போட்டிருக்கும். அது ஏமாற்று இல்லை. அந்தக் காசு உருவாக்குகிறவர்களுக்கே போகிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியும் கிடைக்கிறது. முடிந்தால் கொடுங்கள். யாரென்றே தெரியாத ஒருவர் கிரிட்டாவுக்கோ, முப்பரிமாண வேலைக்கான இலவச மென்பொருள் பிளெண்டருக்கோ விலை வைத்து விற்றால் அதுதான் ஏமாற்று.

கோணமானி:
நடுவில் ஒரு கேள்வி. நான் கட்டடக்கலை மாணவி, எனக்கும் புது லேப்டாப். ஆட்டோகேட் எங்கே வாங்குவது?

நூல்கட்டு:
நீங்கள் வாங்கவே வேண்டாம், தங்கையே. ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு அதை இலவசமாகத் தருகிறது. தகுதி இருக்கும்வரை வருடாவருடம் புதுப்பிக்கலாம். அவர்கள் தளத்திலேயே பதிவு செய்து, படிப்பதற்கான சான்றைக் கொடுங்கள். படிப்புக்கு மட்டும்தான் அது, காசு வாங்கிச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. படிப்பு முடிந்ததும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 2016-இலிருந்து ஆட்டோகேட்டும் சந்தாதான். ஒரே தடவை கட்டி வாங்க விரும்பினால் பிரிக்ஸ்கேட் போன்ற வேறு வரைபட மென்பொருள்கள் இருக்கின்றன.

பின்னல்:
கோணமானி, உங்கள் லேப்டாப்பில் என்ன சிப் என்று பார்த்துவிடுங்கள். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சிப் இருந்தால், வழக்கமான விண்டோஸ் நிரல்கள் மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாகத்தான் ஓடும். பென் டேப்லெட், நிறம் சரிபார்க்கும் கருவி இவற்றின் டிரைவர்களுக்கு அந்த அடுக்கு உதவாது, ஆர்ம்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மென்பொருளுக்கு ஆர்ம் ஆதரவு உண்டா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

தாள்மடிப்பு:
வரைகோல், இன்னொன்று. உங்களுக்கு வேலை தருகிறவர்கள் இன்டிசைன் கோப்பாகவே கேட்பார்களா, பிடிஎஃப் போதுமா? எல்லாவற்றையும் இலவசத்தில் முடித்துவிடலாம் என்று நானும் கிளம்பினேன். பதிப்பகம் திறந்து திருத்தக்கூடிய இன்டிசைன் கோப்பையே கேட்டது. மாற்றிக் கொடுத்தபோது பத்தி அமைப்பு எல்லாம் கலைந்துபோனது. பேசிவிட்டு முடிவெடுங்கள்.

வரைகோல்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி.

இரண்டு பதிப்பகங்களிடமும் பேசினேன். ஒருவருக்குப் பிடிஎஃப் போதும். இன்னொருவருக்கு இன்டிசைன் கோப்பு கட்டாயம் வேண்டும். அதனால் மொத்தத் தொகுப்பையும் எடுக்காமல் இன்டிசைன் ஒன்றை மட்டும் அடோபியின் தளத்திலேயே எடுத்தேன். முதலில் 7 நாள் சோதனைப் பதிப்பு, அதில் 16 பக்கம் தமிழில் கட்டிப் பார்த்தேன். கம்போசரை மாற்றாமல் ஒரு தடவை அடித்தேன்: ஒற்றெழுத்து சொன்ன அதே புள்ளி வட்டம், கண்ணெதிரே. மாற்றியதும் "கொ" சரியாக உட்கார்ந்தது. திட்டம் தேர்ந்தெடுக்கும்போது வருட ஒப்பந்தம்தான் தேர்வாகி இருந்தது. மாதத் திட்டத்துக்கு மாற்றினேன். விலை கூடுதல்தான். மழைக்காலம் போல வேலை வந்தும் நின்றும் போகும் இந்த நேரத்தில் அது பரவாயில்லை.

சின்னங்களுக்கு இங்க்ஸ்கேப், படத்துக்குக் கிம்ப் 3. இரண்டும் அவரவர் தளத்திலிருந்து. மேகத்தில் எதையும் விடாமல், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுக்கிறேன், அச்சுமை அண்ணாவின் பதினோரு இரவுகளை நினைத்துக்கொண்டே.

ஒரே சந்தேகம். சந்தாவோடு அடோபியின் எழுத்துருக்களும் வந்திருக்கின்றன. அவற்றை அட்டையில் பயன்படுத்தலாமா? சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒற்றெழுத்து:
தாராளமாகப் பயன்படுத்தலாம், அச்சிடலாம். அச்சிட்ட புத்தகத்துக்கும் எடுத்த பிடிஎஃப்புக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் சந்தா நின்றதும் எழுத்துரு உங்கள் கணினியில் அணைந்துவிடும், பழைய கோப்பைத் திறந்தால் அது காணாமல் போயிருக்கும். பதிப்பகத்துக்கு இன்டிசைனில் "பேக்கேஜ்" செய்து, அதாவது கோப்பையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்பும்போதும் அந்த எழுத்துருக்கள் கூடப் போகாது, அவர்களிடமும் சந்தா இருக்க வேண்டும். அதனால் உள்பக்கத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், கட்டமரன் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை வைத்துக்கொள்ளுங்கள். அவை இலவசம், கோப்போடு சேர்த்தே அனுப்பலாம். முதலில் அந்த 16 பக்கத்தை நோட்டோவில் மாற்றி ஒரு பக்கம் அச்செடுத்துப் பாருங்கள். 10 பாயிண்டில் "ணை"யும் "னை"யும் பிரிந்து தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

வரைகோல்:
இன்று இரவே எடுத்துப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.